அடைக்கோழி கற்பித்த பாடம்



குளுவாங் வட்டாரத்து இரப்பர்த் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு கம்பத்துக் கோழிகள் எப்போதும் மேய்ந்துகொண்டிருக்கும். பொழுது சாய்ந்ததும் ரம்புத்தான் மரக்கிளைகளில் ஏறிக்கொள்ளும். ஜொகூரின் செம்பனைத் தோட்ட ஓரங்களில் இன்றும் திரியும் காட்டுக்கோழிகளின் உறவுக்கூட்டம் அல்லவா? அந்த விழிப்பும் கூச்சமும் இவற்றை விட்டு முழுமையாக அகலவில்லை. கூண்டில் பெட்டி வைத்தாலும், புதருக்குள் மறைவிடம் தேடியே முட்டையிடும்.

இப்போது என் வீட்டிலும் இரண்டு பேடுகளும் ஒரு சேவலும் உள்ளன. சென்ற பள்ளி விடுமுறையில், மூத்த பேடு பன்னிரண்டு முட்டைகள் இட்டுவிட்டு அடையில் அமர்ந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கை நீட்டினால் கொத்தியது. முட்டையிடுவதோ நின்றுபோயிற்று. எனக்கு முட்டைதான் வேண்டியிருந்தது. நண்பர் ஒருவர் சொன்னபடி, முட்டைகளை எடுத்துவிட்டுக் கோழியை வாளித் தண்ணீரில் முக்கினேன். ஈரம் சொட்டச் சொட்ட அது ஓடிப்போய் வெறும் புல்லின்மீது மீண்டும் அமர்ந்தது. நான்கு நாள் அப்படியே கிடந்தது.

என்னோடு வசிக்கும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, முட்டை போடறது மட்டுந்தான் கோழியோட வேலைன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றார். இளைய பேட்டின் முட்டைகள் பத்தைப் பொறுக்கி, அதன் வயிற்றுக்கடியில் தாமே வைத்தார்.

பண்ணைக் கோழி ஓராண்டில் ஏறத்தாழ 300 முட்டைகள் இடும். அதற்காகவே, அடைகாக்கும் குணம் தலைமுறை தலைமுறையாக அதனிடமிருந்து களையப்பட்டது. கம்பத்துக் கோழியோ ஆண்டுக்கு ஐம்பது அறுபதைத் தாண்டுவது அரிது. முட்டையும் ஏறக்குறைய 40 கிராம்தான். நம் நாட்டுக் கடைகளில் 'ஏ' தர முட்டை என்றால் 65 கிராமாவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் நம் கோழி கடைசி வரிசையில்தான் நிற்கும். ஆனால் 21 நாள் பட்டினி பாராமல் அமர்ந்து, முட்டைகளைப் புரட்டிப் புரட்டிச் சூடேற்றும் பொறுமைக்கு எந்தத் தராசு உண்டு?

இருபதாம் நாள், ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகளின் மெல்லிய குரல் கேட்டது. தாய் அடித்தொண்டையில் மறுமொழி கூறியது. மறுநாள் ஒன்பது குஞ்சுகள் வெளிவந்தன.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஓய்வு நேரத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை அமர்த்திக்கொண்டு, விரல் பிடித்து எழுத்துக் கற்றுக்கொடுப்பான். யு.பி.எஸ்.ஆர் நெருங்கிய வேளை. "இதற்கெல்லாம் உனக்கு 'ஏ' கிடைக்காது, போய்ப் பயிற்சி செய்" என்று கடிந்துகொண்டேன். "சரிங்க ஐயா" என்று எழுந்து போனான். பிறகு அந்தப் பக்கம் வரவேயில்லை. அவன் எத்தனை 'ஏ' பெற்றான் என்பது இன்று எனக்கு நினைவில்லை. தலைகுனிந்து நடந்து போனது மட்டும் நினைவிலிருக்கிறது.

யு.பி.எஸ்.ஆர் 2021இல் நீக்கப்பட்டது. "எத்தனை?" என்னும் கேள்வி மட்டும் நம் வீடுகளிலிருந்தும் ஆசிரியர் அறையிலிருந்தும் நீங்கவில்லை. தேர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முட்டையும் வேண்டியதுதான். ஆயினும், ஒரு பிள்ளை எதன்மீது பொறுமையாக அமர்ந்திருக்கிறது என்று பார்த்த பின்னரே அதை எழுப்ப வேண்டும். அதை நான் அன்று பார்க்கவில்லை.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பிள்ளை எதன்மீது அமர்ந்திருக்கிறது?