தமிழ்த் தாத்தா படித்த குன்னம்

பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குன்னம் இன்று ஒரு தாலுகா தலைமையிடம். உ.வே.சாமிநாதையர் சிறுவனாகத் தமிழ் படித்த ஊர்களில் இதுவும் ஒன்று.

1860-களில் அவர் குடும்பம் இங்கே வந்து தங்கியது. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை அவருக்குத் திருவிளையாடற் புராணம் சொல்லிக்கொடுத்தார். அடுத்து, கார்குடி கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம். மகனின் படிப்புக்காக ஊர் ஊராக அலைந்தார் தந்தை. வாத்தியார் இருக்கும் ஊரே பள்ளிக்கூடம்!

1871-ல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார் சாமிநாதையர். 1894-ல் புறநானூற்றையே பதிப்பித்தார். ஆனாலும் முதலில் கைபிடித்தவர்களை மறக்கவில்லை. 'என் சரித்திரம்' நூலில் அவர்களைப் பெயர் சொல்லி எழுதிவைத்தார். இந்தக் கிராமத்து ஆசிரியர்களை இன்று நாம் அறிவது அதனால்தான்.

உங்களுக்கு 'அ' எழுதப் பழக்கியவர் பெயர் என்ன? இன்றே ஓரிடத்தில் எழுதிவையுங்கள்.