கோலாரம்மா கோயில் சுவத்துல தமிழ்

காலேஜ் தோழிங்கல்லாம் சேந்து ஞாயித்துக்கிழமை கோலாரம்மா கோயில் போயிருந்தோம்.

சின்ன வயசுல இருந்து கும்பிட்ட கோயில்தான்.
ஆனா கல்வெட்டுப் பக்கம் நின்னு பாத்தது இப்பதான்.

தமிழ்!
ராஜேந்திர சோழன் காலத்து எழுத்து. 11ஆம் நூற்றாண்டு.

விரலால தடவிப் பாத்தேன். ஒண்ணு ரெண்டு எழுத்து பிடிபட்டுச்சு, மீதி பிடிபடல. அழுகை வந்துடுச்சு.

கே.ஜி.எஃப் (கோலார் தங்கவயல்) தமிழங்கன்னா, வெள்ளைக்காரன் கம்பெனி 1880ல சுரங்கம் தோண்ட ஆரம்பிச்ச பிறகு வட ஆற்காட்டுல இருந்து பொழப்பு தேடி வந்தவங்கன்னுதான் சொல்வாங்க. எங்க குடும்பமும் அப்படித்தான். ஆனா அதுக்கு 800 வருஷம் முன்னாடியே இந்த மண்ணுல தமிழ் இருந்திருக்கே!

2001ல சுரங்கத்த மூடினப்போ நாங்க ஆளுக்கொரு ஊருக்குப் போயிட்டோம். படிப்பும் கல்யாணத்தோட நின்னுச்சு. இப்ப பிள்ளைங்க வளந்தாச்சு. மாசம் ஒரு வகுப்பு, முடிஞ்சா ஒரு பயணம்னு திரும்பக் கூடுறோம்.

அடுத்த வகுப்பு நியூட்ரினோங்குற நுண்துகள் பத்தி.
காத்து மண்டலத்துல உருவாகுற நியூட்ரினோவ 1965ல உலகத்துலயே முதல்முதலா பாத்த ரெண்டு இடத்துல ஒண்ணு நம்ம சாம்பியன் ரீஃப் சுரங்கம். இன்னொண்ணு தென்னாப்பிரிக்கா. எங்கப்பா அந்தச் சுரங்கத்துலதான் இறங்கினார். வீட்ல ஒருத்தரும் இதப் பேசினதில்ல.

கல்வெட்டு எழுத்து வாசிக்கக் கத்துக்கொடுக்குறவங்க பெங்களூர்ல யாராச்சும் இருக்கீங்களா?
மாரிகுப்பம் ரயில் ஏறினா போதும், சாப்பாடு எங்க வீட்ல.
வருவீங்களா?