அம்மாவின் போனில் பாஸ் கிட்டார்

பாஸ் கிட்டாரின் தடித்த கம்பியை மீட்டினால் விநாடிக்கு சுமார் 41 அதிர்வுகள். அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். என் வாடகை அறையோ பத்துக்குப் பத்தடி. ஆம்ப் போட்டால் முதலில் அதிர்வது கீழ்வீட்டுச் சுவர்தான். அதனால் கிட்டாரிலிருந்து ஒயர் நேராக இன்டர்ஃபேஸுக்கு. அங்கே 'இன்ஸ்ட்ருமென்ட்' பொத்தானை அமுக்கியே ஆகணும். லைன் இன்புட்டில் செருகினால் பிக்கப்பின் பளபளப்பு மங்கிவிடும். இதை ஏழையின் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். 1960களில் மோடவுனில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸும் நேராக மிக்ஸிங் மேசைக்குத்தான் போனது.

அடுத்தது கம்ப்ரஸர், 4:1. அட்டாக்கைக் கொஞ்சம் மெதுவாக வைப்பேன், விரல் படும் சத்தம் தப்பிக்கட்டும் என்று.

கடைசியில் ஒரு சிட்டிகை சாச்சுரேஷன். அது அம்மாவுக்காக. அவள் பாட்டு கேட்பது போன் ஸ்பீக்கரில். அதில் 41 வரவே வராது. சாச்சுரேஷன் அதன் மடங்குகளைத் தூக்கிக் கொடுக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு, இல்லாத அடி ஸ்வரத்தைக் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

"இதுல நீ வாசிக்கிறது எதுடா?" என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கேட்பாள். போன வாரம் அனுப்பியதற்கு அவளே சொன்னாள்: "அந்த டும் டும்தானே நீ?"

ஆமாம்மா, அதேதான்.