லாஷாவும் என் அரியரும்

ப்ளஸ் டூவில் அக்கவுண்டன்சியில் நூத்துக்கு நூறு வாங்கியவன், காலேஜில் காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைத்தால் எப்படி இருக்கும்? போன மாசம் தெரிந்துகொண்டேன். (சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க, முக்கியமா கடைசி பெஞ்ச்!) ரிசல்ட் வந்த ராத்திரி தூக்கம் வராமல் பழைய ஜூடோ வீடியோவைத் தேடிப் போட்டுப் பார்த்தேன்.

லாஷா ஷவ்தாதுவாஷ்விலி. இந்தப் பேரை ஒரே மூச்சில் சொன்னால் கேண்டீன் டீ என் கணக்கு. ஜார்ஜியாக்காரர். அமெரிக்காவில் இருக்கிற ஜார்ஜியா இல்லை, கருங்கடல் ஓரத்து நாடு. ஜோசப் ஸ்டாலின் பிறந்த கோரிதான் இவருக்கும் ஊர். 2008 ஆகஸ்ட் போரில் அந்த ஊரில் குண்டு விழுந்தபோது இவருக்கு வயசு 16.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஜூடோ புதுசு இல்லை. சிதாவோபா என்று பழைய மல்யுத்தம் ஒன்று உண்டு. மேளமும் நாயனம் மாதிரி ஒரு குழலும் முழங்க, அரைக்கைச் சட்டையைப் பிடித்தே ஆளைக் கவிழ்ப்பார்கள். 2018-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஜூடோவும் சட்டையைப் பிடித்துத் தூக்கிப் போடுகிற ஆட்டம்தானே!

2012 லண்டன். 66 கிலோ பிரிவு. இருபது வயசில் தங்கம். அந்த ஒலிம்பிக்கில் ஜார்ஜியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான்.

அப்புறம் 73 கிலோவுக்கு மாறினார். அங்கே ஜப்பானின் ஷோஹெய் ஓனோ இருந்தார். 2016 ரியோ காலிறுதியில் ஓனோவிடம் தோல்வி. ஜூடோவில் காலிறுதியில் தோற்றவருக்கு ரெப்பசாஜ் என்று இன்னொரு வாசல் உண்டு (நம்ம சப்ளிமெண்டரி மாதிரி). வீட்டில் ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கிற மனுஷன் அந்த வாசலில் போய் நின்று, ரெண்டு பேரை ஜெயித்து வெண்கலம் வாங்கினார். நான் அன்றைக்கு ராத்திரி பார்த்தது இந்த ஆட்டத்தைத்தான். ரெண்டு தடவை.

2021 ஜூனில் புடாபெஸ்டில் உலக சாம்பியன். அடுத்த மாசம் டோக்கியோ ஒலிம்பிக் இறுதி, மறுபடியும் ஓனோ! ஆன்லைன் கிளாஸை ம்யூட்டில் போட்டுவிட்டு அப்பாவோடு பார்த்தேன். நாலு நிமிஷ ஆட்டம் ஒன்பது நிமிஷத்தைத் தாண்டியது. கோல்டன் ஸ்கோர், அதாவது முதல் புள்ளி எடுத்தவர் ஜெயிப்பார். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது. கடைசியில் ஓனோ காலைத் தடுத்துக் கவிழ்த்தார். லாஷாவுக்கு வெள்ளி.

"மொதல்ல தங்கம், அப்புறம் வெண்கலம், வெள்ளி... இறங்குமுகமால்ல இருக்கு" என்றார் அப்பா. அன்றைக்கு அவரோடு சண்டையே போட்டேன். ரிசல்ட் வந்த ராத்திரி, அவர் சொன்னது சரிதானோ என்று பயமாக இருந்தது.

அரியருக்கு ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. காஸ்ட் நோட்ஸ் யாரிடமாவது முழுசா இருந்தா குடுங்கப்பா.