காதில் ஓர் ஈர்க்கு

பிறர் கேட்கும் படங்களை வரைந்து கொடுத்து, அதனால் வரும் ஊதியத்தைக் கொண்டு சீவிப்பவள் நான். எனக்குக் கந்தோருமில்லை, மாதச் சம்பளமுமில்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையின் ஓரத்திலே கிடக்கும் பழைய மேசையொன்றே என் தொழிற்சாலை. சிறுவர் கதைக்குச் சித்திரம், கவிதை நூலுக்கு அட்டைப்படம், கலியாண அழைப்பிதழுக்குப் பூவேலை என்று வருவன வரும். ஒன்றுமே வராத மாதங்களும் உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். பரீட்சைக்கே கடதாசி இல்லையென்றால் கதைப் புத்தகத்தை யார் அச்சிடுவார்? அவ்வாண்டின் பெரும்பகுதி என் தூரிகைகளுக்கு ஓய்வாகவே கழிந்தது.

"பிறர் சொல்வதையே வரைந்துகொண்டிருக்கிறீரே, உமக்கென்று எப்போது வரையப் போகிறீர்?" என்று அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. 1943ஆம் ஆண்டில் கொழும்பிலே தோன்றிய நாற்பத்து மூன்றாம் குழுவின் ஓவியர்களுள் ஒருவரான ஓப்ரி கொலெட், பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்து பெயர் பெற்றவர். ஊதியத்துக்குச் செய்யும் வேலையும் கலையும் ஒரே கையிலே தங்கக்கூடும் என்பதற்கு அவரை எண்ணி ஆறுதலடைவேன். ஆயினும், கேட்டதை வரைவது எத்தகைய வேலை என்பதை எனக்குக் கற்பித்தவை அண்மையிலே வந்த இரண்டு பணிகளேயாம்.

முதலாவது, பனங்கூடலிலே வாழும் அணிலொன்றின் கதை. பிறந்தநாள் தொட்டுப் பனையைப் பார்த்து வளர்ந்தவளுக்குப் பனை வரைய யாரேனும் சொல்லித் தரவேண்டுமா? மேசையைவிட்டு எழும்பாமலே வரைந்து முடித்தேன். விசிறிபோல விரிந்த ஓலை, விரல்போல நீண்ட பாளைகள், அவற்றின் பக்கத்திலே குலைகுலையாக நுங்கு. படம் எனக்கே பிடித்திருந்தது. அயலிலே வசிக்கும் முதியவர் ஒருவர் தற்செயலாக வந்தார். நாற்பது வருடங்கள் மரமேறிக் கள்ளுச் சீவியவர். படத்தை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது எந்த ஊர்ப் பனை? ஆணும் பெண்ணும் ஒரு மரத்திலேயோ?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பனையிலே ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு காய்ப்பது பெண் பனை. ஆண் பனையில் அந்த நீண்ட பாளைகள் மாத்திரமே தோன்றும். எத்தனையோ கோடையில் நுங்கு குடித்த வாய் என்னுடையது. கண் மாத்திரம் மரத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. மறுநாட் காலை அவரே என்னைக் கூடலுக்கு அழைத்துச் சென்று மரம் மரமாகக் காட்டினார். படங்கள் அச்சுக்குப் போகுமுன்னர் ஒன்பதையும் புதிதாக வரைந்தேன்.

இப்பொழுது கணினியே படம் வரைந்து தருகின்றது. எனக்கு வரவிருந்த இரண்டு அட்டைப்படங்கள் அண்மையிலே அதற்குப் போய்விட்டன. அவற்றுள் ஒன்றிலே பனைமரத்துக்குத் தென்னோலை முளைத்திருந்தது. சிரிக்க வாயெடுத்தேன்; என் அணிற்கதைப் பனை நினைவுக்கு வரவே வாயை மூடிக்கொண்டேன்.

போய்ப் பார்த்து வரைவதென்று அன்று தீர்மானித்தேன். அடுத்த பணியோ, போய்ப் பார்க்கவே இயலாத ஒன்றாக வந்தது.

அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வந்து, காலஞ்சென்ற தம் தாயாரை வரைந்து தரவேண்டுமென்று கேட்டார். "படம் ஏதும் இருக்கிறதா, அக்கா?" என்றேன். இல்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்களெல்லாம் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, அவர்களுடைய அல்பம் வீட்டிலேயே தங்கிவிட்டது. அடையாள அட்டையிலிருந்த சிறு படமும் மழையில் ஊறி அழிந்தது. சில மாதங்களில் தாயாரும் பெயர்ந்த இடத்திலேயே கண்ணை மூடிவிட்டார்.

மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று கேட்டேன். "நல்ல வடிவானவ" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. கேள்வியை மாற்றினேன். வெற்றிலையை எங்கே வைப்பார்? கொண்டையை எப்படி முடிவார்? கூப்பிட்டால் எப்படித் திரும்புவார்? "ஒரு காது கேளாது, பிள்ளை. கேட்கிற காதைத்தான் எங்கள் பக்கம் திருப்புவா" என்றார். அந்தச் சரிந்த தலையிலிருந்துதான் முகம் பிறந்தது. நான்கு வாரங்களில் பதினொரு படங்கள் வரைந்து அழித்தேன். கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தவர், "எல்லாம் சரி. ஆனால் அம்மாவுக்குத் தோடு இல்லை" என்றார்.

1986ஆம் ஆண்டில் தமையனாரை வெளிநாட்டுக்கு அனுப்பப் பணம் போதாதபோது, தாயார் எஞ்சியிருந்த கல்லுத்தோட்டையும் விற்றுவிட்டார். துளை தூர்ந்துபோகாதிருக்க ஈர்க்குத் துண்டொன்றைச் செருகிக்கொண்டார். அதுவே கடைசிவரை கிடந்தது. மகன் அறிந்தால் வருந்துவானென்று, படமெடுத்து அனுப்பும்படி அவர் எழுதியபோதெல்லாம் ஏதேனும் சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்தாராம்.

"அண்ணாவுக்கு இன்னும் தெரியாது. ஆனாலும் அம்மாவைப் பொய்யாக வைக்கக்கூடாது, பிள்ளை" என்றார். தோட்டை அழித்து ஈர்க்கை வரைந்தேன். சின்னஞ்சிறு கோடு, அவ்வளவுதான். அதைப் பார்த்த பின்னரே அவர் அழுதார். கூலி வாங்க என் கை கூசிற்று. "வாங்கும். அம்மா ஒருவரிடமும் சும்மா வாங்கினதில்லை" என்று சொல்லி மேசையிலே வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு வாரங்கள் கழித்துக் கனடாவிலிருந்து தமையனார் தொலைபேசியிற் பேசினார். முகம் அம்மாவேதான் என்றும், தோடு மாத்திரம் விடுபட்டுவிட்டது என்றும், அதைச் சேர்த்தால் மேலும் பணம் அனுப்புவதாகவும் சொன்னார். இரண்டு புள்ளி வைக்கும் வேலை. ஒரு நிமிடமும் செல்லாது. "தங்கச்சியைக் கேளுங்கள், அவர் சொன்னபடி செய்கிறேன்" என்று மாத்திரம் சொன்னேன்.

நான்கு நாட்களின் பின் மறுபடியும் அழைத்தார். குரல் அடங்கியிருந்தது. "படத்தில் ஒன்றும் மாற்றவேண்டாம், பிள்ளை. எனக்கும் அதேபோல ஒன்று வேண்டும்" என்றார்.

அந்தப் படம் இப்பொழுது என் மேசையிலே இருக்கின்றது. முகம் இன்னும் தொடங்கவில்லை. காதையும் ஈர்க்கையும் முதலில் வரைந்துவிட்டேன்.