நம்மூர்ல எறங்குமா?

போன மாசம் ஆபீஸ்ல புது ஆணி. தனி ஜெட் விமானங்களை ஒப்பிட்டுக் காட்டுற ஒரு பக்கம் செய்யணும். பெங்களூர்ல பஸ்ல தொங்கிட்டுப் போற எனக்கு இந்த வேலை :)

மூணு விமானத்தை எடுத்துக்கிட்டேன்.

சொகுசு: கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 கேபின் உயரம் சுமார் 1.9 மீட்டர். ஆறடி ஆளும் நிமிர்ந்து நடக்கலாம். எம்ப்ரயர் பீனம் 300-ம் பிலாட்டஸ் பிசி-24-ம் 1.5 மீட்டரை ஒட்டித்தான். மினிபஸ் மாதிரி குனிஞ்சே போகணும்.

தூரம்: ஜி650 நிற்காமல் சுமார் 13,000 கிலோமீட்டர் பறக்கும். மத்த ரெண்டும் சுமார் 3,700. கன்னியாகுமரியில் கிளம்பி காஷ்மீர் போக அதுவே போதும்.

விலை: புதுசா வித்தப்ப ஜி650 ஆறு கோடி டாலருக்கு மேல். சின்னது ரெண்டும் ஒரு கோடி டாலரை ஒட்டி ஆரம்பம்.

ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட பெருமையா காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு ஒரே கேள்வி.

"எல்லாம் சரிதாம்ல. இது நம்மூர்ல எறங்குமா?"

என் அட்டவணையில் அது இல்லவே இல்லை!

தேடினேன். முழு எடையோட கிளம்ப ஜி650-க்கு சுமார் 1,800 மீட்டர் ஓடுதளம் வேணும். பீனத்துக்கு 1,000, பிசி-24-க்கு 900 இருந்தாப் போதும். கோவில்பட்டி பக்கம் ஒரு பழைய ஓடுதளம் உண்டு, பைலட் பயிற்சிப் பள்ளிக்குன்னு டிட்கோ திட்டம் போட்ட இடம். மத்தபடி நமக்கு வாகைக்குளம்தான். தூத்துக்குடி விமான நிலையமான அங்கே ரொம்ப வருஷமா 1,350 மீட்டர்தான் இருந்துச்சு. 2025 ஜூலையில்தான் 3,115 மீட்டரா நீட்டித் திறந்தாங்க. அதாவது அதுவரைக்கும் விலை கூடினதை விட விலை குறைஞ்சதுதான் நம்ம பக்கத்துக்குத் தோது.

பிசி-24 சரளை, புல்தரையிலகூட இறங்கும். ஆஸ்திரேலியாவுல ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் அதை ஆம்புலன்ஸா ஓட்டுது.

"அப்ப கரிசல்லயும் எறக்கிரலாமோ?"

"கோடையில பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். மழை பெஞ்சா உப்பிக்கிட்டு சக்கரத்தையே முழுங்கிரும். முடியாதுப்பா."

அப்பா அப்புறம் பேசலை. எனக்கும் ஆச்சி ஞாபகம்தான்.

ஐப்பசி மழை. ராத்திரி ஆச்சிக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் சீக்கிரமாவே வந்துச்சு, தார் ரோடு வரைக்கும். அங்கேருந்து எங்க வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் கரிசல் பாதை. வண்டி உள்ளே வந்தா மாட்டிக்கும். அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் ஆச்சியை நார்க்கட்டிலோட தூக்கிக்கிட்டு, முழங்கால் சேத்துல முக்கால் மணி நேரம் நடந்தாங்க. திருநெல்வேலி போற வழியிலேயே ஆச்சி போயிட்டா. நான் மறுநாள் மத்தியானம்தான் பஸ்ல வந்து சேர்ந்தேன்.

ஆபீஸ் திரும்பினதும் அட்டவணையில் நாலாவதா ஒரு வரிசை சேர்த்தேன்: ஓடுதளம் எவ்வளவு வேணும்? மேனேஜர் 'நல்ல யோசனை'ன்னு பாராட்டினார். எங்க அப்பா யோசனைன்னு சொன்னேன்.

அந்த ஒரு கிலோமீட்டர் இன்னமும் மண் பாதைதான்.