ஆலங்குடாக் கரையில் காரும் வானொலியும்

கடற்கரைக்குச் செல்வோர் கடலைப் பார்ப்பர், அலையைப் பார்ப்பர், அந்தி வானின் வண்ண விசித்திரங்களைக் கண்டு வியப்பர். மோட்டார் வண்டிப் பித்துக் கொண்டவனோ குனிந்து தன் வண்டியின் அடித்தகட்டைப் பார்ப்பான். அந்தப் பித்து எனக்குச் சிறு பிராயம் முதலே உண்டு. வானொலிப் பெட்டிகளின் மீதும் அதே அளவு ஆசை உண்டு. இவ்விரண்டுக்கும் பெரும் பகைவன் உவர்க்காற்று. அப்பகைவன் அரசோச்சும் ஊர்களுள் ஒன்று, புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டித் தீபகற்பத்திலே அமைந்துள்ள ஆலங்குடா.

கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வடக்கே வரும் பெருவீதியில், புத்தளத்தை அடைவதற்குச் சற்று முன்னர் பாலாவிச் சந்தி வரும். அங்கே இடப்புறம் திரும்பவேண்டும். உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். மேலும் செல்லச் செல்ல வலப்புறம் புத்தளக் களப்பு, இடப்புறம் பெருங்கடல். நடுவே மணல் நாடா போன்ற நிலம். அந்த மணலிலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்து நிற்பதைக் காண்போர் வியவாதிருத்தல் அரிது. நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரத்துக்கு வழிகாட்டி நிற்கும். இன்னும் வடக்கே போனால் தீபகற்பத்தின் முனையில் ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிலே கட்டிய கற்பிட்டிக் கோட்டை. ஆலங்குடாக் கரைக்கு இப்போது காற்றுப் பட்டம் கட்டி அலைமேல் சறுக்கும் வெளிநாட்டாரும், டொல்பின் கூட்டங்களைப் பார்க்கப் படகேறும் குடும்பங்களும் வருகின்றனர். அலைமேல் சறுக்குவோரை இழுத்து வருவது மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை ஓயாது வீசும் தென்மேற்குக் காற்று. வண்டிகளைத் தின்பதும் அதே காற்றுத்தான்.

எங்கள் வீட்டு வண்டி ஒரு மொரிஸ் மைனர். இங்கிலாந்தில் 1948இல் பிறந்து, 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன இனம் அது. ஆயினும் இலங்கை வீதிகளில் இன்றும் அது ஓடுகிறது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி சுருங்கியபோது, இருந்ததைப் பேணுவதே வழி என்று நம்மவர் கற்றுக்கொண்டனர். 2020 மார்ச்சில் மீண்டும் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிக்கு இருந்த மதிப்பை யாவரும் அறிவர். (இங்கிலாந்தில் ஓடும் பழைய மைனர்களுக்கான தகடுகளை 1990களில் இலங்கையிலே அடித்து அனுப்பினர் என்பது பலரும் அறியாத வேடிக்கை.)

இவ்வண்டிக்குச் சட்டம் என்று தனியே ஒன்று கிடையாது; உடம்பே சட்டம். ஆதலால் கதவின் கீழ்ப்படியிலும், பின் வில் தாங்கியிலும், தரைத்தகட்டிலும் துரு ஏறினால் அது அழகைக் கெடுத்ததோடு நிற்பதில்லை. வண்டியின் முதுகெலும்பே முறிகிறது.

உப்பு எவ்வாறு இரும்பைத் தின்கிறது? மாணவர்கள் இதனைக் கவனித்தல் நலம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் காற்று உள்நாட்டுக்குச் சுமந்து வருகிறது. துளி காய்ந்த பின்னும் உப்பு தகட்டிலேயே தங்கும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டியதும் கறியுப்பு அக்காற்றிலிருந்து தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டோ நூற்றுக்கு 33 ஈரப்பதனிலேயே கசியும். ஆகவே இக்கரையில் இரவு முழுவதும் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். அப்படலம் மின்னோட்டத்தைக் கடத்தும். அதனால் துருப்பிடித்தல் விரைந்து நடக்கும். மழை பெய்யாத ஊரிலே வண்டி ஏன் துருப்பிடிக்கிறது என்று கேட்போருக்கு விடை இதுவே.

பரிகாரமும் எளிது: உப்பைக் கழுவிவிட வேண்டும். ஆனால் எந்த நீரால்?

இவ்வினாவுக்கு விடையை எனக்குச் சொன்னவர், அப்பகுதி வீதியோரம் கிடுகுக் கொட்டில் ஒன்றில் தொழில் பார்க்கும் ஒரு பெரியவர். வயது அறுபதை நெருங்குகிறது. வண்டியும் திருத்துவார், வானொலியும் திருத்துவார். கரைக்குப் போய்த் திரும்பிய எங்கள் மைனரைக் கழுவக் கிணற்றடியில் வாளியை எடுத்தேன். அவர் தடுத்தார்.

“தம்பி, முதல்ல நாக்கில வெச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தேன். மெல்லிய உவர்ப்பு.

“இதால கழுவினா கடல்ல குளிச்சிட்டுக் கடல்லயே கால் கழுவின கதைதான். அந்தத் தென்னைக்கு அங்கால உள்ள கிணத்துத் தண்ணி நல்லம். அதில ரெண்டு வாளி மட்டும் எடுங்க.”

“ஏன் நானா, இரண்டோடு நிறுத்தச் சொல்கிறீர்கள்?” என்றேன். பின்னாலிருந்த மிளகாய்ப் பாத்தியை அவர் கையால் காட்டினார். பின்னர்தான் அதன் உட்பொருள் விளங்கிற்று. இத்தீபகற்பத்தின் மணலுக்கடியில் நன்னீர், உவர்நீரின்மேல் ஒரு கண்ணாடி வில்லையைப்போல் மிதக்கிறது. நன்னீர் கனம் குறைந்தது, அதனால் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் ஆய்ந்தோர் கண்ட கணக்கு. இதனை மறுபுறம் திருப்பிப் பார்த்தால் அச்சம் தோன்றும்: இறைத்து இறைத்து மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் 40 அடி உயர இடமுண்டு. வெங்காயப் பாத்திக்கும், குடிதண்ணீர்க் குடத்துக்கும், பயணிகள் விடுதிக்கும், என் மொரிஸ் மைனருக்கும் ஊற்று ஒன்றே.

ஆகவே இரண்டு வாளியில் வண்டி கழுவும் வித்தையை அவரிடம் பயின்றேன். கூரையை ஈரத்துணியால் துடைத்தாற் போதும். நீரை அடிப்பாகத்துக்குச் சேமிக்கவேண்டும். சில்லுகளின் உட்கூடு, வில் தகடுகள், கீழ்ப்படியின் உட்புறம் ஆகிய இடங்களில் சிறு கைப்பம்பினால் பீச்சவேண்டும். கதவுகளின் அடியிலே நீர் வடியும் சிறு துளைகள் உண்டு; மணல் அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்தே உளுத்துப் போகும். அவற்றைக் குத்தித் திறக்கத் தென்னை ஈர்க்கினும் சிறந்த கருவி இல்லை: வளையும், வர்ணத்தைச் சுரண்டாது, விலையும் இல்லை. கழுவியதும் வண்டியை நிறுத்திவிடலாகாது. இரண்டு மூன்று மைல் ஓட்டினால் தடுப்புகளும் புகைக்குழாயும் சூடேறி உலரும். பற்றரி முனைகளுக்கு வாசலீன் பூசவேண்டும். பழைய எண்ணெயை அடியிலே பூசும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தகட்டுக்கு அது நன்மையே, ஆனால் ரப்பர்ப் பாகங்களை ஊதவைத்துக் கெடுக்கும், தடுப்பிலே பட்டால் ஆபத்து.

வண்டியைத் தார்ப்பாயால் இறுகப் போர்த்துவோர் இக்கரையில் அதற்குச் சமாதி கட்டுகிறார்கள் என்றே சொல்வேன். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லை. நாற்புறமும் காற்றாடும் கிடுகுக் கொட்டகையே மேல். தென்னையின் நேர் கீழே மட்டும் நிறுத்தாதீர்கள், காரணம் சொல்லவேண்டுவதில்லை.

வண்டி உலர்ந்துகொண்டிருக்கையில் பெரியவர் தம் கதையைச் சொன்னார். அவர் மன்னார்த் தீவிலே பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் தம் ஊர்களை விட்டு நீங்கினர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். ஆலங்குடா உட்பட இத்தீபகற்பத்தின் பல ஊர்களில் ஓலைக் குடிசை முகாம்கள் எழுந்தன. அப்போது அவர் இருபது சொச்சம் வயது இளைஞர். சிறு வானொலித் திருத்தகம் ஒன்று வைத்திருந்தார்.

“என்ட சாமான் போனதைப் பத்தி நான் யோசிக்கல்ல தம்பி. ராக்கையில ஊராக்கள்ற ரேடியோ பதினொண்டு இருந்திச்சு. ஒவ்வொண்டிலயும் பேர் எழுதிக் கட்டியிருந்தன். திருப்பிக் குடுக்கல்ல.”

முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் எண்ணிக்கை அவருக்கு மறக்கவில்லை. போர் முடிந்த பின்னர் ஒருமுறை ஊருக்குப் போனாராம். கடை நின்ற இடத்தில் சுவரும் இல்லை. உரியவர்களுள் நால்வரை இப்பக்கத்து முகாம்களிலே கண்டு மன்னிப்புக் கேட்டாராம். அவர்கள் சிரித்தார்களாம். அவருக்கு மட்டும் அது சிரிப்பாகத் தோன்றவில்லை.

முகாம் வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் அவருக்குப் பிழைப்பளித்தவை கார்ப் பற்றரிகள். மின்சாரம் எட்டாத இடங்களில் 12 வோல்ற்றில் இயங்கும் சிறு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைப் பற்றரியில் இணைத்துக் குடும்பங்கள் கூடியிருந்து பார்ப்பர். இலங்கையிலே தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982இல் வந்தது. ஆனால் மின்கம்பி வருமுன்னரே பல சிற்றூர்களுக்குப் படம் வந்துவிட்டது, பற்றரியின் புண்ணியத்தால். அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மின்சாரம் இல்லை; அங்கே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர், மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டினர். பிரிந்துபோன இரு சாராரும் ஒரே வித்தையால் காலந்தள்ளினர் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

பற்றரியைப் பற்றி ஒரு சொல். 40 அம்பியர்-மணி கொண்ட கார்ப் பற்றரி, 15 வாற் பெட்டியைக் கணக்குப்படி 30 மணிநேரத்துக்குமேல் நடத்தவேண்டும். அப்படி நடத்தினால் பற்றரி செத்துவிடும். இயந்திரத்தைக் கிளப்பச் சில கணங்கள் பெருமின்னோட்டம் தருவதற்கே அதன் தகடுகள் செய்யப்பட்டுள்ளன. முற்றாக வடித்தால் ஈயத் தகட்டில் சல்பேற்றுப் படிந்து, மீண்டும் ஏற்ற முடியாது போகும். பாதிக்குமேல் வடியவிடாதிருப்பதே நன்று.

இனி வானொலிக்கு வருவோம். பழைய வால்வுப் பெட்டிக்கு ஒரு நற்குணம் உண்டு: தன் சூட்டினால் தன்னையே உலர்த்திக்கொள்ளும். ஆகவே கடலோர வீட்டில் அதனை அலங்காரப் பொருளாக மூடி வைத்திருப்பதிலும் நாள்தோறும் ஒரு மணிநேரம் பாடவிடுவதே மருந்து. திரான்சிஸ்ரருக்கு அச்சூடு இல்லை. அதன் பற்றரி முனைகள் பச்சை பூக்கும்; ஒலி கூட்டும் குமிழ் கரகரக்கும்; ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு ஈரத்தில் தளரும். பயன்படுத்தாத நாட்களில் உலர்பற்றரிகளை வெளியே எடுத்துவிடுங்கள். இக்காலத்துத் தட்டைத் தொலைக்காட்சிகளையும் சுவரோடு ஒட்டாமல் காற்றோட இடம்விட்டு மாட்டுவது நல்லது. கூரைமேல் அலுமினிய அன்ரெனாவோடு செப்புக் கம்பியை நேரே முறுக்கிக் கட்டினால், உப்பீரத்தில் இரு உலோகங்களும் தமக்குள் ஒரு மின்கலத்தை உண்டாக்கி அலுமினியம் வெண்பொடியாய் உதிரும். படம் மங்கும்போது பெட்டியைத் தட்டுமுன் அந்த முடிச்சை ஏறிப் பாருங்கள்.

இத்தனை கெடுதி செய்யும் உப்பு வானொலிக்கு ஒரு பேருபகாரமும் செய்கிறது. மத்திய அலை நிலத்தின்மேல் செல்லும்போது விரைவில் தேயும். உவர்நீர் மின்னை நன்கு கடத்துவதால் கடலின்மேல் தேயாமல் நெடுந்தூரம் செல்லும். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியை இக்கரையில் கேட்டது இடையிலிருந்த கடலின் தயவால் எளிதாயிற்று. 1950களில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைத் தமிழகக் கரையூர்கள் தம் வானொலிபோலக் கேட்டன. மயில்வாகனனின் குரல் அக்கரையிலும் வீட்டுக் குரலாயிருந்ததை மூத்தோர் இன்றும் சொல்வர்.

அன்றிரவு பெரியவரின் கொட்டிலில் வண்டியின் வானொலியைத் திருப்பினேன். அவர் குமிழை வாங்கி, மயிரிழை அளவு நகர்த்தி, இரைச்சலுக்கு நடுவே ஒரு தமிழ்க் குரலைப் பிடித்துத் தந்தார். எங்கிருந்து வருகிறது என்று இருவரும் சிறிது நேரம் வாதிட்டோம். அவர் அக்கரை என்றார். நான் கொழும்பு என்றேன். செய்தி தொடங்கியதும் அவர் சொன்னதே சரியாயிற்று.

மறுநாள் புறப்படுகையில் கூலி வாங்க மறுத்துவிட்டார். ராக்கையைக் காட்டினார்; அதிலே ஏழெட்டு வானொலிகள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய பெயர்ச் சீட்டு. கொழும்புக்குப் போகும் வழியில் சிலாபத்திலே ஒரு வீட்டில் ஒப்படைக்கவேண்டும் என்று ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். பழைய பிலிப்ஸ் பெட்டி. முன் ஆசனத்தில் துணி விரித்து வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாலாவியை நோக்கி ஓட்டினேன்.